இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்

வார்தோ தீவில் நவம்பர் கடைசியில்
சூரியன் வருவது நின்றுபோகும்.
தபால் நிற்பதில்லை.
ஆகவே வட்டுகள் வாங்குகிறேன்.

மீன் ஆலையில் முப்பது வருடம்
எடை பார்த்தவன் நான்.
தராசு முள் ஆடிக்கொண்டிருக்கும்போது
பணப்பையைத் தொட்டதில்லை.

படம் இதுதான்:
எழுபத்தொன்பது பிப்ரவரியில்
வெளியூர்க்காரர்கள் பதினோரு பேர் வந்து
எங்கள் துறைமுகத்தில் ஒன்பது நாள் எடுத்தது.
ஒருவன் படகுக்குக் காத்திருக்கிறான்.
படகு வருகிறது.
அவன் ஏறுவதில்லை.

ஆனால் நாற்பத்தோராவது நிமிடத்தில்
அவன் முதுகுக்குப் பின்னால்
சிவப்புக் கோட்டில் நடந்துபோவது
தான்தான் என்கிறாள் குன்வோர்,
எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து.
எனக்குத் தெரியாது.
ஊர்க் கொட்டகையில் பார்த்தபோது
முன் வரிசைத் தொப்பி ஒன்று
அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது.

ஜெர்மன் பதிப்பு தொண்ணூற்றேழு நிமிடம்.
ஜப்பான் பதிப்பு நூற்றொன்று.
நாலு நிமிடத்தை வெட்டி விழுங்கிவிட்டார்களென்று
ஒரு வாரம் ஜெர்மன்காரர்களைத் திட்டினேன்.
யாரும் எதையும் வெட்டவில்லையாம்.
நொடிக்கு இருபத்துநாலு என்று எடுத்ததை
இருபத்தைந்தாக ஓட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.
எல்லோரும் சற்று விரைந்து நடக்கிறார்கள்,
சற்றுக் கீச்சென்று பேசுகிறார்கள்,
படகுகூட முந்திக்கொண்டு வந்து நிற்கிறது,
காத்திருப்பதைப் பற்றிய படத்தில்!

பிரான்சில் புதிதாக நிறம் திருத்தியிருக்கிறார்கள்.
பனி பாசி பிடித்ததுபோல் பச்சையடிக்கிறது.
சிவப்பெல்லாம் செங்கல்லாகி
கோட்டு எது, கிடங்குச் சுவர் எது?
அடியில் ஓடும் பிரெஞ்சு வரிகளை
அணைக்கவும் விடமாட்டார்களாம்.

அமெரிக்கர்கள் பழைய டிவிப் பெட்டிக்காக
இருபுறமும் சீவியிருக்கிறார்கள்.
துறைமுகத்தையே காணோம்.
அவன் காது மட்டும் இருக்கிறது, பெரிதாக.

மிச்சம் ஜப்பான்.
ஒசாகாவில் குவாஹாரா என்றொரு பல் மருத்துவர்
நாலு பதிப்பும் வைத்திருக்கிறார்.
அதே நொடியை நாலிலும் நிறுத்தி
நாலு படம் அனுப்பினார்,
ஓரங்களில் பென்சிலால் அளவு குறித்து.
“எங்களுடையதில் இடப்பக்கம்
ஒரு விரற்கடை அதிகம்.
ஆனால் இது A மண்டலம்.
உங்கள் கருவி B. ஓடாது.”

யானை வாங்குகிறவன்
அங்குசத்துக்கா பேரம் பேசுவான்?
கருவியும் வாங்கலாம்.
சுங்க வரியோடு கூட்டிப் பார்த்தேன்.
பிறகு கூட்டிய தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த விரற்கடைக்குள்
ஒரு சிவப்புத் தோள்,
ஒரு வாளி,
தரையிலிருந்து எழும்பும் ஒரு பூட்ஸ்.

குன்வோரைக் கூப்பிட்டேன்.
உருளைக்கிழங்கு சீவும் கத்தியோடு வந்தாள்,
கண்ணாடி போட்டாள்,
கழற்றித் துடைத்து
மறுபடி போட்டாள்.

“இது ஹில்போர்க்.
வாளியை அவள்தான் இடக்கையில் தூக்குவாள்.”

சிவப்புக் கோட்டு?

“அந்த வருடம் கூட்டுறவுக் கடைக்கு வந்ததே அந்த ஒரு கோட்டுதான்.
எல்லோரும் வாங்கினோம்.
நான் அவளுக்குப் பின்னால் வந்தேன்.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.”

அடுப்படிக்குப் போய்விட்டாள்.
தண்ணீர் கொதிக்கும் சத்தம்.
நான் திரையில் விரலை வைத்து
படம் முடியும் இடத்துக்கு அப்பால்
எங்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.
சுவர் குளிர்ந்திருந்தது, வழக்கம்போல.

குவாஹாராவுக்கு எழுதினேன்.
ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது,
அவருக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும்:

“இத்தாலியில் ஒரு பதிப்பு உண்டு.
மோசமானது. கீறல், இரைச்சல்,
கடைசிக் காட்சியில் ஒரு மயிரிழை
திரையெங்கும் நெளியும்.
யாருக்கும் நான் சிபாரிசு செய்ததில்லை.
ஆனால் இடப்பக்கம்
மேலும் அரை விரற்கடை இருப்பதாக ஞாபகம்.”

சாப்பிட வா என்கிறாள்.
வருகிறேன் என்கிறேன்.
ஜெனோவாவிலிருந்து இங்கே
தபால் செலவு எவ்வளவென்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.